பிரியாணி வேகும்வரை ஒரு ஜெபம்

பிள்ளைகளே, கள்ளிக்குப்பம் வீட்டுக்குக் குடிவந்த புதிதில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தோமே, அந்த ஞாயிறை நினைத்தால் பட்டறையில் லேத் மெஷின் முன்னால் நிற்கும்போதுகூட எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பக்கத்து மெஷின்காரர் ஒருமாதிரி பார்ப்பார்.

ஆராதனை முடிந்து சபையார் நேரே நம் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ஜெபம், பிறகு சாப்பாடு. அம்மா பிரியாணிக்கு அரிசியைப் போட்ட நேரம் பார்த்து கேஸ் தீர்ந்துபோனது. மாற்று சிலிண்டர் இல்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, சாமி கும்புட ஆளுங்கள இட்டுகினு வந்து பட்டினி போடப் போறியா? எங்கூட்டு சிலிண்டர் கீது, தூக்கினு போ!"

தூக்கி வந்து மாட்டியாயிற்று. ஆனாலும் அம்மாவுக்குக் கண் கலங்கியது. "இன்னும் நேரமாகும். பசியோட வந்தவங்களுக்கு அரை வேக்காட்டையா போடுறது?"

நம் பாஸ்டரின் ஜெபம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். எத்தனை முறை நடுவில் கண்ணைத் திறந்து மாட்டியிருக்கிறீர்கள்! அன்றைக்கு மூத்தவள் அடுப்படியிலேயே கைகூப்பினாள். "இயேசப்பா, இன்னைக்கு மட்டும் ஜெபம் நல்லா நீளமா இருக்கணும்."

பாட்டு முடிந்தது. பாஸ்டர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "குரலே வரல பிரதர். வீட்டுத் தலைவர் நீங்களே ஜெபிச்சு முடிச்சுடுங்க."

நானா! பத்தாவதோடு படிப்பை விட்டவன். சபையில் என் ஜெபம் "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆமென்" என்பதோடு சரி. எழுந்து நின்றேன். வீட்டுக்காக நன்றி சொன்னேன். வேலைக்காக. ஃபேனுக்காக. கீழ்வீட்டு அக்காவுக்காக. வாசலில் நின்ற அவர், "அய்ய, என்னை எதுக்குப்பா இதுல இஸ்துகினு!" என்றார். கொரட்டூர் ஏரி நிறைந்ததற்குக்கூட நன்றி சொல்லியாயிற்று. அதற்குமேல் வார்த்தை இல்லை. அடுப்படியிலிருந்தும் வெந்துவிட்டதென்று சத்தமில்லை.

வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "ஆண்டவரே, பிரியாணி இன்னும் வேகல. அதுக்காகத்தான் இழுத்துக்கிட்டே இருக்கேன். உமக்குத் தெரியாததா? இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வரல. நீரே பார்த்துக்கொள்ளும்."

முதலில் பாஸ்டர்தான், குரல் வராத அந்தத் தொண்டையால் கீச்சுக்கீச்சென்று சிரித்தார். பிறகு அறையே குலுங்கியது. இளையவன் யார் மடியிலிருந்தோ உருண்டு விழுந்தான். சிரிப்பு அடங்கும், யாராவது "ஃபேனுக்காக!" என்பார்; மறுபடி கிளம்பும். நேரம் போனதே தெரியவில்லை.

"வெந்துடுச்சு!" அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள். "ஆமென் சொல்லுங்க!"

அப்படி ஓர் ஆமெனை நம் சபை அதற்கு முன் சொன்னதில்லை. மூத்தவள் கேட்டது கிடைத்தது. ஜெபித்த ஆள்தான் வேறு. இன்றும் எனக்குப் பெரிய வார்த்தைகள் வருவதில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டு மீதியை ஆண்டவர் கையில் விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது தட்டு வாங்கும்போது கீழ்வீட்டு அக்கா சொன்னார்: "உங்க சாமி நல்ல சாமிப்பா. இம்மாஞ் சிரிப்பு சிரிச்சும் கோச்சுக்கல."