மெஷின் நம்பாத கட்டைவிரல்

ஆம்பூரில் மேனிக்யூர் என்றால் பாதி நேரம் நகத்தோடு அல்ல, ஷூ கம்பெனி பசையோடு மல்லுக்கட்டுவதுதான். எம்.ஏ. வகுப்பு முடிந்ததும் பார்லரில் எனக்கு அதுதான் வேலை. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்துத் திணறியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும்.

ஸ்க்ரப் வேண்டாம்

ஷூ கம்பெனியில் தோலுக்குப் பசை தடவும் செல்வி அக்கா கட்டைவிரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். கம்பெனி வாசலில் வருகைப் பதிவு மெஷின் அதை ஏற்கவில்லை. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றே கத்துகிறதாம். வேலைக்குப் போயும் மூன்று நாள் ஆப்சென்ட். இன்னொன்று விழுந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். மேனிக்யூரில் ஸ்க்ரப் போட்டுத் தேய்த்து செத்த தோலை எடுப்போம். இவருக்கோ ரேகையே தேய்ந்திருந்தது. தேய்த்தால் மிச்சமும் போய்விடும் என்றேன்.

"அப்போ இன்னாத்துக்கும்மா பார்லரு?"

வெந்நீரும் விவாதமும்

வெந்நீரில் கையை ஊறவைத்தேன். நகக்கண் தோலை வெட்டாமல், எண்ணெய் விட்டு மெல்லத் தள்ளினேன். விசாரித்தால், பசை போக, அதைக் கரைக்கும் கெமிக்கல் சொல்யூஷனை ஊற்றிக் கை கழுவுகிறாராம், தினமும்! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கையுறை தருவது கம்பெனியின் கடமை இல்லையா என்று மேஜையைத் தட்டினேன்.

"குடுத்தாங்கம்மா. அத்த போட்டா பசை எங்க ஜாஸ்தி, எங்க கம்மின்னு விரலுக்குத் தெரியல. ஷூ ரிஜெக்ட் ஆனா திட்டு எனக்குத்தான?"

முன்பல் பள்ளம்

சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டார். முன்பு தையல் பிரிவில் நூலைக் கடித்து அறுத்தே முன்பல்லில் பள்ளம். பக்கத்துப் பல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். பல் நிறத்திலேயே ஒரு கலவையை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கி, அரை மணியில் அடைத்துவிட்டார். இனி எதையும் கடித்து இழுக்கக் கூடாது என்றார்.

"நூலக் கடிக்க மாட்டேன் டாக்டரம்மா. சூப்பர்வைசரக் கடிச்சா தாங்குமா?"

சுண்டுவிரல்

பார்லருக்குத் திரும்பி, கடைசியாக க்ரீம் தடவும்போதுதான் பார்த்தேன்: இடது சுண்டுவிரலில் மட்டும் ரேகை பளிச்சென்று இருந்தது. ஷூ தோலைப் பிடிக்கும்போது அந்த விரலைத் தூக்கியே வைத்திருப்பாராம், பசையும் படவில்லை, கழுவ சொல்யூஷனும் தேவைப்படவில்லை. "கம்பெனில கட்டைவிரலுக்குப் பதிலா இதைப் பதிவு பண்ணச் சொல்லுங்க" என்றேன். அதோடு விடுவேனா? தொழிலாளர் உரிமை பற்றிக் கம்பெனிக்கு இரண்டு பக்கக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம், மடிப்புக் கலையாமல் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"லெட்டரு தேவப்படலம்மா. சுண்டுவிரல வெச்சேன், மெஷினு தேங்க் யூன்னுச்சு. பத்து வருஷத்துல அந்தக் கம்பெனில எனக்கு யாரும் சொல்லாத வார்த்த."

ஒன்பது விரல் தேயத் தேய உழைத்தாலும், செல்வி அக்கா வேலைக்கு வந்தார் என்று மெஷின் நம்புவது வேலையே செய்யாத அந்த ஒற்றை விரலைப் பார்த்துத்தான்.