இடத்துக்கு ஆள் விடுதல்

இனி மைதானத்தில் இறங்கமாட்டோம் என்று நாங்கள் அறிவித்த அன்று, சிஞோரா எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு நிறையக் கன்னோலி இனிப்புக் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் அம்மாதான் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தா. "பாத்தியே, மனுசி உன்னோடை கோவிக்கேல்லை," என்றா. அந்த மனுசி கத்தித் தீர்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

சிஞோரா என்று நாங்கள் இத்தாலியனில் மரியாதையாகக் கூப்பிடுகிறவர் எங்கள் பெண்கள் ஹொக்கி அணியின் முதலாளி. கணவர் இறந்தபின் அவருடைய மற்றத் தொழில்களோடு அணியும் அவர் கைக்கு வந்தது. நான் அந்த அணியில் ஒப்பந்தம் எழுதிச் சம்பளத்துக்குக் கோல் காக்கிறவள். அம்மா அவருடைய வீட்டில் சமைத்து, துடைத்து, உடுப்புத் தேய்க்கிறவ; நான் பிறக்கமுதலே அங்கேதான். ஆக, எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஒருத்தியின் தயவில்.

சண்டை சம்பளத்துக்காக இல்லை. முழங்காலுக்காக. முன்வரிசையில் ஓடுகிற ஒருத்திக்கு முழங்கால் வீங்கியிருந்தது. கிளப் டாக்டர் அமுக்கிப் பார்த்தார், ஏதோ மருந்தை விசிறினார், "ஒன்றுமில்லை, ஓடு" என்றார். ஓடினாள். ஆட்டம் முடிவதற்குள் உள்ளே ஏதோ அறுந்துபோனது. இப்போது அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் படி ஏறுகிறாள். அந்த டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பது சிஞோரா. எங்கள் உடம்பைப் பார்க்கிற டாக்டரை நாங்களே தெரிவுசெய்வோம் என்று கேட்டோம். கேட்டது அவ்வளவுதான். "என் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியாதா?" என்று சிஞோரா சிரித்தார். முடியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. அடுத்தது யாருடைய முழங்கால் என்று நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

பிறகு காரியங்கள் சத்தமில்லாமல் நடக்கத் தொடங்கின. மைதானத்துக் கதவின் பூட்டு மாறியது. எங்கள் பைகள் வேலிக்கு வெளியே அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே உடுப்பெல்லாம் தோய்த்து மடித்திருந்தது. என் பையில் கால் கவசங்கள் மட்டும் இல்லை. வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன், மடச்சி.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிற தமிழர் ஊருக்குப் போவதென்றால், தங்கள் இடத்தில் சொந்தக்காரர் ஒருவரை விட்டுவிட்டுத்தான் போவார்கள். திரும்பி வந்ததும் அந்த ஆள் விலகி இடத்தைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவரோடு கல்யாண வீட்டில்கூட ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள். அதோடு, ஆளை விட்டவர்தான் பொறுப்பு. வந்து நின்றவர் கோப்பையை உடைத்தாலும், கையைச் சுட்டுக்கொண்டாலும் விட்டவர் பதில் சொல்லவேண்டும். அம்மா ஊருக்குப் போன நேரமெல்லாம் சின்னம்மா சிஞோரா வீட்டில் நின்று, ஒரு முணுமுணுப்பில்லாமல் இடத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறா.

பல்லரோ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது, அம்மா ஏதோ வெங்காயம் வாங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னா:

"சிஞோரா கேட்டவ, பிள்ளை களைச்சுப்போனாள், கொஞ்சம் ஆறட்டும், அவள் வரும்வரைக்கும் அவளின்ர இடத்தைப் பாக்க ஆரும் இருக்கினமோ எண்டு. நான் தங்கச்சியை விட்டிருக்கிறன்."

தங்கச்சி என்றால் சின்னம்மாவின் மகள். பக்கத்து ஊரான பகேரியாவில் இருக்கிறாள், அங்கே ஒரு சின்ன அணியில் ஆசைக்குக் கோல் காக்கிறவள்.

"எங்கை விட்டிருக்கிறியள்?"

"உன்ர இடத்திலைதான். வேறை ஆரும் வந்து பிடிச்சால் விடுவினமே? எங்கடை பிள்ளை எண்டால் திருப்பித் தருவாள்தானே."

"அம்மா, நான் ஊருக்கோ போறன்? இது வேலைநிறுத்தம். இதுக்குள்ளை வந்து நிக்கிற ஆளுக்குப் பேர் கருங்காலி!"

கூவிக் கூவிக் கணவாய் விற்றுக்கொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அம்மா மட்டும் அசையவில்லை. "வாயைக் கழுவு. அந்தப் பிள்ளை உனக்கு உதவி செய்யுது," என்றா.

தங்கச்சிக்கு போன் எடுத்தேன். "நீங்கள் வாறவரைக்கும்தான் அக்கா. பெரியம்மாவுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன், இனி எப்பிடி மாட்டன் எண்டுறது?" என்றாள். குரலில் சந்தோஷம் மறைக்க முடியாமல் கிடந்தது. பெரிய மைதானம், பெரிய அணி. அவளைக் குறைசொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை சூட்டுக்காற்று அடித்தது. வாயெல்லாம் புழுதி. நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். எங்கிருந்தோ கூட்டிவந்த பெண்கள் ஒரு வானிலிருந்து இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவள் என் கால் கவசங்களைக் கட்டியிருந்தாள். நான் சுற்றிய சிவப்பு டேப் அப்படியே இருந்தது. முழங்கால் போனவள் என்னைப் பார்த்து, "உன் சொந்தமா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அவள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

சிஞோரா நிழலில் வெள்ளைக் கதிரையில் இருந்து எங்களுக்குக் கை காட்டினார். அம்மா அவருடைய விருந்தாளிகளுக்குக் கோப்பி கொடுத்துக்கொண்டு நின்றா.

இரண்டாம் பாதியில் எதிரணிக்காரி ஒருத்தி தங்கச்சியின் காலோடு மோதி விழுந்தாள். அவள் எழும்பிப் போய்விட்டாள், தங்கச்சி எழும்பவில்லை. டாக்டர் ஓடினார். கவசத்தைக் கழற்றி முழங்காலை அமுக்கிப் பார்த்தார், மருந்தை விசிறினார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்கள் எல்லாருக்கும் அடுத்து வரப்போகிற வார்த்தை தெரியும்.

"எழும்பாதை! தங்கச்சி, எழும்பாதை!"

நான் கத்தியது அவளுக்குக் கேட்டது. என்னைப் பார்த்தாள். பிறகு வெள்ளைக் கதிரையைப் பார்த்தாள். சிஞோரா அன்பாகத் தலையாட்டினார். தங்கச்சி கையை ஊன்றி எழும்பத் தொடங்கினாள். பொறுப்பெடுத்த இடத்தை இடையில் விட்டுவிட்டுப் போக எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் பழக்கவில்லை.

அம்மா கோப்பித் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு மைதானத்துக்குள் நடந்தா. நடுவர் விசில் ஊதினார். அது தனக்குத்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. தங்கச்சியின் தோளை அமத்தி இருத்தி, அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டா.

சிஞோராவே எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. "இங்கே உங்களுக்கு வேலை இல்லை, வாருங்கள்," என்றார்.

இத்தனை வருடமாக 'சரி சிஞோரா' மட்டுமே சொல்லிப் பழகிய இத்தாலியனில் அம்மா சொன்னா: "இருக்கிறது சிஞோரா. பிள்ளையை விட்டது நான். நான் கூட்டிக்கொண்டு போகிறேன்."

முழங்கால் போனவள்தான் முதலில், ஆட்டத்துக்காகத் திறந்திருந்த வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே போனாள். தங்கச்சியின் ஒரு கையை அவள் பிடித்தாள், மற்றக் கையை நான். கோல் காக்க ஆளில்லாமல் ஆட்டம் அதோடு நின்றது. நாங்கள் கூட்டிப்போன டாக்டர், நரம்பு இழுபட்டிருக்கிறது, அறவில்லை, இதோடு ஓடியிருந்தால் அறுந்திருக்கும் என்றார். அம்மா அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதா. நானும் அழுதேன்.

மறுநாள் காலை அம்மா வழக்கம்போல வெளிக்கிட்டுப் பையைத் தோளில் போடும்போது மணி அடித்தது. வாசலில் முன்பின் தெரியாத தமிழ்ப் பெண் ஒருத்தி, கையில் தட்டு நிறையக் கன்னோலியோடு நின்றாள். இத்தாலிக்குப் புதிதாக வந்தவள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"சிஞோரா தந்துவிட்டவ அக்கா. உங்களைக் கொஞ்ச நாள் ஆறட்டாம். நான் நீங்கள் வாறவரைக்கும்தான் நிப்பன்," என்றாள். பொய்யில்லாமல்தான் சொன்னாள், பாவம்.

அம்மா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டா.

"உன்னை அங்கை ஆர் பிள்ளை விட்டது?"

"சிஞோராதான்."

அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு, பையைத் தோளிலிருந்து கழற்றினா.