கியாரண்டி அக்கா கார் பார்த்த வாரம்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. வாசல் காவலாளி முதல் ஆசிரியர் வரை எல்லோருக்கும் அவர் கியாரண்டி அக்காதான். வீட்டு உபயோகப் பொருள்களைச் சோதித்துப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று வாரா வாரம் எழுதுவது அவர் வேலை. இஸ்திரிப் பெட்டியோ ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ, எது வந்தாலும் வீட்டில் வைத்து ஒரு வாரம் புழங்கிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார். எழுத்தில் அலங்காரம் இருக்காது. “இந்த ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு பொருளை எடுக்க வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெம்புள்ளவர்கள் வாங்கலாம்” என்கிற மாதிரி இருக்கும். கடைசி வரியில் கியாரண்டி எத்தனை வருடம், எதற்கெல்லாம் செல்லாது என்பதைச் சொல்லாமல் விடமாட்டார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

கார்ப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தவர் வேறு ஒருவர். அவர் எழுத்தில் எந்தக் காரும் சும்மா ஓடாது. சீறும், பாயும், உறுமும், சாலையை விழுங்கும். ஒரு நாள் அவருக்கு ஒரு கார் நிறுவனமே வேலை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுத்த வாரப் பக்கம் காலியாகக் கிடக்க, சோதனைக்கென்று ஒரு நடுத்தர அளவு எஸ்யூவி, மேடு பள்ளம் சேறு எதையும் பார்க்காமல் போகும் என்று விளம்பரம் செய்யப்பட்ட வண்டி, வந்து நிற்கப் போகிற நேரம். ஆசிரியர் அக்காவை அறைக்குள் கூப்பிட்டு, நாலு சக்கரம் வைத்த வாஷிங் மெஷின் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். வீட்டில் ஒரு பழைய குட்டிக் கார் உண்டு. அதன் பானெட்டைக் கல்யாணத்துக்குப் பிறகு திறந்து பார்த்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. இருந்தாலும் சரி என்றார். ஒரு பொருளைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

வண்டியைக் கொண்டுவந்து கொடுக்க நிறுவனத்தின் பிரதிநிதி டை கட்டிக்கொண்டு வந்தார். எஞ்சினின் சக்தியையும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அழகையும் அவர் விவரித்துக்கொண்டிருக்கும்போதே, அக்கா அளவு நாடாவை எடுத்து டிக்கியின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பிடித்துப் பார்த்தார். இடுப்புக்கு மேலே வந்தது. அப்புறம் கூரையை அண்ணாந்து பார்த்து, “இதை யாருங்க துடைக்கிறது?” என்று கேட்டார். பிரதிநிதிக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை. வெளியே கொடுத்துக் கழுவலாமே என்று இழுத்தார். பிறகு, வண்டியை ஓட்ட அனுமதி அக்காவுக்கு மட்டும்தான், வேறு யார் கையிலும் சாவி போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வேறு யார் கை என்றால் தம்பியின் கைதான். மூன்று தெரு தள்ளி அவன் வீடு. அச்சகத்தில் மேற்பார்வையாளர். அந்த வண்டியின் படத்தை ஆறேழு மாதமாகத் தன் போனின் முகப்பில் வைத்திருந்தான். மனைவியின் படம் இருந்த இடம் அது. அவள் நீச்சல் பயிற்சியாளர், குளத்தின் அந்தக் கரையில் நிற்பவருக்கும் கேட்கிற குரல். வண்டி வாங்கலாமா என்று அவன் நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அவள் ஒரே பேச்சாக, “உங்க அக்கா பார்த்துட்டு நல்லா இருக்குன்னு எழுதட்டும், வாங்கலாம்” என்று சொல்லியிருந்தாள். அக்கா எழுதுவது ஃபிரிட்ஜைப் பற்றி, காரைப் பற்றி எந்தக் காலத்திலும் எழுதப் போவதில்லை என்ற தைரியத்தில் சொன்னது.

வண்டி அக்கா வீட்டு வாசலில் நிற்பதைக் கண்டதும் தம்பிக்கு வாயெல்லாம் பல். அன்று சாயங்காலமே வந்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். மறுநாளும் வந்தான். தன் கைக்குட்டையால் முகப்பு விளக்கைத் துடைத்தான். அக்கா என்ன எழுதப் போகிறாள் என்று நேராகக் கேட்காமல், அக்காவின் எழுத்தைப் போல உண்டா, ஊரே நம்புகிறதே என்று சுற்றி வளைத்தான். அவன் போன பிறகு அவன் மனைவி வந்தாள். அவள் எதையும் மறைக்கவில்லை. பொய் எழுத வேண்டாம், ஆனால் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இதை ஒரு தடவை நிறுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றாள்.

அக்கா நிறுத்திப் பார்த்தார். இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டி கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. பிறகுதான் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை என்பது தெரிந்தது. ஒல்லியான அக்கா எப்படியோ நெளிந்து வெளியே வந்துவிட்டார். கூட வந்த தம்பிக்குத் தொப்பை சற்று முன்னேறிய உடம்பு. அவன் டிக்கி வழியாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. மனைவி ஒன்றும் பேசாமல் டிக்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பேசியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வாரம் முழுவதும் வண்டிக்கு ஓய்வில்லை. பக்கத்து வீட்டு அலமாரி ஒன்று அதில் படுத்துக்கொண்டு போனது. இடுப்பு ஆபரேஷன் முடிந்த அலுவலகத் தோழி ஒருத்தி ஏறிப் பார்த்தாள். படி உயரம் என்று திட்டிக்கொண்டே ஏறியவள், உட்கார்ந்த பிறகு ராணி மாதிரி இருக்கிறது என்று இறங்க மறுத்தாள். அக்கா நாற்காலி போட்டு ஏறிக் கூரையைத் துடைத்தார், கை எட்டிய வரைக்கும். குண்டும் குழியுமான சந்தைத் தெருவில் ஓட்டியபோது குழி எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. அதையும் குறித்துக்கொண்டார். பெட்ரோல் பங்க்கில் நின்ற நேரத்தையும் குறித்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது கரடுமுரடான பாதை ஒன்றுதான். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. சனிக்கிழமை காலை அங்கே போவது என்று முடிவாயிற்று. முதல் நாள்தான் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஸ்டீயரிங்கில் அக்கா, பக்கத்தில் வழிகாட்டியாகத் தம்பி, பின்னால் தம்பி மனைவியும் அக்காவின் கணவரும். கணவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவர். சாதுவான மனிதர். எந்த வண்டியில் ஏறினாலும் வயிற்றைப் புரட்டும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு பயணம் செய்வார். பின் சீட்டு எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டுமே என்பதற்காகத்தான் அக்கா அவரைக் கூட்டி வந்திருந்தார்.

முதல் சேற்றுக் குழியில் அக்கா தயங்கித் தயங்கித்தான் இறக்கினார். வண்டி அதைச் சட்டை செய்யவே இல்லை. அடுத்தது ஒரு மேடு. அதையும் ஏறி இறங்கிற்று. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. “இன்னும் கொஞ்சம் போக்கா, இதெல்லாம் இதுக்கு ஒண்ணுமே இல்ல” என்றான். கொஞ்சம் போனதும் மறுபடி இன்னும் கொஞ்சம். எங்கேயாவது மாட்டிக்கொண்டிருந்தால் அப்போதே திரும்பியிருப்பார்கள். வண்டி எங்கேயும் மாட்டவில்லை, அதுதான் வம்பாகிவிட்டது. பாதை ஒடுங்கி ஒடுங்கி, இடது பக்கம் செங்குத்தான பாறை, வலது பக்கம் தண்ணீர் தேங்கிய பள்ளம் என்று ஆகி, கடைசியில் ஒரு கற்குவியலின் முன்னால் முடிந்தே போயிற்று. அக்கா வண்டியை நிறுத்தினார். தம்பி பக்கத்துக் கதவைத் திறந்தால் பாறையில் இடித்தது. திருப்புவதற்கு ஒரு சாண் இடமில்லை.

 பின்னாலிருந்து தம்பி மனைவியின் குரல் நிதானமாக வந்தது.

“எங்க வேணாலும் போகும்னுதானே விளம்பரத்துல போட்டிருக்கான். திரும்பி வரும்னு எங்கயாச்சும் போட்டிருக்கானா?”

வந்த வழியெல்லாம் ரிவர்ஸில்தான் போக வேண்டும். பின்னால் காட்டும் கேமராவில் சேறு அப்பியிருந்தது. திரையில் மண்ணைத் தவிர வேறு ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் இடிக்கிற தூரத்தில் இருந்ததால் வண்டி விடாமல் பீப் பீப் என்று அலற ஆரம்பித்தது. தம்பி பின் சீட்டுக்குத் தாண்டி, வலது பக்கக் கதவு வழியாக ஜாக்கிரதையாக இறங்கி, பின்னால் போய் நின்று கையை ஆட்டினான். இடது என்றால் அவனுடைய இடதா வண்டியின் இடதா என்று அவனுக்கே தெரியவில்லை. அக்கா ஒரு தடவை அவன் சொன்னபடி ஸ்டீயரிங்கை ஒடிக்க, பின் சக்கரம் பள்ளத்தின் ஓரத்து மண்ணைச் சரித்தது. சரிந்த மண் தண்ணீரில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

தம்பி மனைவி இறங்கினாள். கணவனின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள்.

“அண்ணி, அவரப் பார்க்காதீங்க. என் குரலை மட்டும் கேளுங்க. நான் நில்லுன்னா நிக்கணும், வான்னா வரணும். நிக்கிறதுக்கும் வர்றதுக்கும் நடுவுல எதையும் யோசிக்காதீங்க.”

தண்ணீரைக் கண்டு நடுங்குகிறவர்களை வருடக்கணக்கில் குளத்தில் இறக்கிப் பழகிய குரல் அது. அக்கா அலறலை நிறுத்தும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினார். அமைதியானது. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, வா என்றதும் வந்தார், நில் என்றதும் நின்றார். பாதி வழியில், அதுவரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவர் கண்ணைத் திறந்து, “வலது பக்க மிரரைக் கொஞ்சம் கீழ இறக்கு. சக்கரம் தெரியும்” என்றார். இறக்கினார். சக்கரமும் பள்ளத்தின் விளிம்பும் அதில் தெளிவாகத் தெரிந்தன. அதற்குப் பிறகு அக்கா தயங்காமல் ஒடித்தார். அந்தப் பெரிய வண்டி தன் சொல்லுக்கு அங்குலம் அங்குலமாகக் கட்டுப்படுவதை அவர் உடம்பு உணர்ந்தது. மேட்டில் பின்னோக்கி ஏறும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குவாரியின் வாசலுக்கு வந்து நின்றபோது தம்பியின் பேன்ட் முழங்கால் வரை சேறு. கணவர் பிளாஸ்டிக் பையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். “பின்னால போனா எனக்கு ஒண்ணும் பண்ணல” என்று ஆச்சரியத்தோடு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை எழுத உட்கார்ந்தார். வார்த்தைகள் கொட்டின. இவ்வளவு வேகமாக அவர் எதையும் எழுதியதில்லை. எழுதியதைப் படித்துப் பார்த்தபோது திக்கென்றது. வண்டி அதில் சீறியது, பாறைகளுக்கிடையே பாய்ந்தது, ஓரிடத்தில் உறுமவும் செய்தது. உண்மையில் ஆள் நடக்கிற வேகத்தில் பின்னோக்கி ஊர்ந்து வந்திருந்தார்கள். எத்தனையோ பொருள்கள் அவர் வீட்டுக்கு வந்து போயிருக்கின்றன. ஒரு வாஷிங் மெஷினைத் திருப்பி அனுப்பும்போது அவர் வாசல் வரைகூட வந்ததில்லை. நாளைக் காலை இந்த வண்டி போய்விடும் என்பதற்காக அன்று மூன்று தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பிடித்துப்போன பொருளைப் பற்றி எப்படி எழுதுவது என்பது அவருக்கு அதுவரை வராத சங்கடம்.  பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அச்சில் வந்தது இது: “உங்கள் வீட்டுக்குப் போகும் வழி மோசமாக இருந்தால், இந்த வண்டி அந்த வழியை மறக்கடித்துவிடும். வாங்குங்கள். வழி நன்றாக இருந்தால், இதைக் கழுவவும் நிறுத்தவும் செலவழிக்கிற நேரத்தில் நீங்கள் நடந்தே போய்விடலாம். டிக்கியில் அலமாரி கொள்ளும், ஆனால் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒடுக்கமான இடத்தில் நிறுத்துகிறவர்கள் முதலில் தங்கள் சுற்றளவைப் பார்த்துக்கொள்ளவும். இது போகாத இடமில்லை என்பது உண்மை. அதனாலேயே போகக்கூடாத இடத்துக்கும் போய்விடும், போதும் என்று நிறுத்த வேண்டியது நீங்கள்தான். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த வண்டியை ரொம்பப் பிடித்துவிட்டது. எனவே மேலே சொன்னதில் நல்லதைக் கொஞ்சம் குறைத்தும் கெட்டதைக் கொஞ்சம் கூட்டியும் படித்துக்கொள்ளவும்.” அதற்குக் கீழே வழக்கம்போல கியாரண்டி விவரம்.

ஆசிரியர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, கார்ப் பக்கம் இனி உங்களுக்குத்தான் என்றார். டை கட்டிய பிரதிநிதி போனில் கொஞ்சம் வருத்தப்பட்டார். ஆனால் அந்த வாரம் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஷோரூமுக்கு வந்தவர்கள் நிறைய என்பதையும் அவரே சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் முதலில் தங்கள் இடுப்பை அளந்து பார்த்தார்களாம்.

தம்பி அக்காவுக்கு நன்றி சொல்ல வந்தான். பிடித்துவிட்டது என்ற வரியைக் காட்டி, தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தான். கூடவே வந்த மனைவி நிறுத்துமிடம் பற்றிய வரியைக் காட்டி, தான் ஜெயித்ததாகச் சொன்னாள். இரண்டு பேரும் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாயங்காலம் வரை வாதாடினார்கள். கடைசியில் மனைவி எழுந்து, வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அக்காவுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஏம்மா, உனக்குப் பிடிக்காதே என்று கேட்டார்.

“வண்டி பிடிக்கலதான் அண்ணி. ஆனா அந்தச் சந்துல நான் சொன்ன சொல்லை நீங்க, உங்க தம்பி, அந்த வண்டி, எல்லாரும் மறு பேச்சில்லாம கேட்டீங்க. இந்தக் குடும்பத்துல அது நடந்தது அன்னிக்கு ஒரு நாள்தான். வண்டி வீட்ல இருந்தா இன்னொரு தரம் நடக்கலாம் இல்லையா.”

வண்டி வந்தது. இரண்டு பக்கமும் இடித்த தூண்களைப் பற்றிக் குடியிருப்புச் சங்கத்தோடு பேசி, ஓரத்து இடமாக மாற்றிக்கொண்டார்கள். வாங்கிய மறு வாரம் அக்கா அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார். பேச்சு எங்கெங்கோ போயிற்று. கிளம்பும்போது அக்கா சற்றுத் தயங்கி, சாவியைக் கொஞ்ச நேரம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எங்கே போக வேண்டும், நானும் வருகிறேன் என்று தம்பி செருப்பைத் தேடினான். எங்கேயும் இல்லை, சும்மாதான் என்றார். தேவையில்லாமல் ஒரு பொத்தானைக்கூட அமுக்காத அக்கா அப்படிச் சொன்னதைக் கேட்டு அவன் செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தான். மனைவி சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

அக்கா ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். இறங்கியதும் தன் கைக்குட்டையால் முகப்பு விளக்கை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.