கெளுத்தி துப்பிய மருந்து

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து செமோர் பக்கம் போயிருந்தேன். தங்கை வசந்தா வீட்டுக்கு. ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தின் ஓரம். வீட்டில் அரசாங்கக் குழாய் இருக்கிறது. ஆனாலும் சமையலுக்கும் தேத்தண்ணிக்கும் மலைத் தண்ணீர்தான். ருசியாம்! அது செம்பனைக் காட்டுக்குள் புகுந்துதான் இறங்கி வருகிறது... அதை அதுவரை நான் யோசித்ததே இல்லை.

வசந்தா கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் மகள் ஷாலினி தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. நானும் குடித்தேன், அவளும் குடித்தாள். "அருமைம்மா" என்றேன்.

அப்போது மச்சான் – வசந்தாவின் கணவர் – பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டார். சிமெண்டுத் தொட்டியில் கெளுத்தி வளர்க்கிறார்; இங்கே பேச்சில் அது கெலி. அதற்கும் அதே மலைத் தண்ணீர்தான்.

"இங்க பாருங்க மச்சான், கெலிக்கு என்னமோ ஆயிருச்சுலா."

தீவனத்தைத் தூவினார். மீன்கள் மீசையை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வந்தன. கவ்வின. கவ்விய வேகத்திலேயே துப்பின.

"காலையிலேருந்து இப்படித்தான். வசந்தா போறப்ப மருந்துன்னு ஏதோ சொன்னா. நான் போன் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மருந்தா?

தோட்டத்துப் பேச்சில் மருந்து என்றால் இரண்டு. ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுப்பது. இன்னொன்று புல்லைக் கொல்ல அடிப்பது.

"அடிச்சிருக்குன்னு சொன்னாளா? போட்டிருக்குன்னு சொன்னாளா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மச்சான்?"

ஒன்றா? மேலே தோட்டத்தில் அடித்திருந்தால் அது இந்தத் தண்ணீரில்தான் இறங்கி வந்திருக்கும். வசந்தாவுக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை. கோயிலுக்குள் போனை அணைத்து வைக்கிற ஒரே ஆள் என் தங்கையாகத்தான் இருப்பாள்.

அடுப்படியில் ஷாலினி இரண்டாவது கிளாஸை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"குடிக்காதம்மா!"

கத்திவிட்டேன். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. "ஏன் மாமா? தண்ணியில என்ன?" கிளாஸை வாங்கிக் கீழே வைத்தேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். களைக்கொல்லி சாகுமா?

கெளுத்தியைப் பற்றி எப்போதோ படித்திருந்தேன். நமக்கு வாய்க்குள் மட்டும் சுவை. அதற்கு மீசை, தோல், வால்... உடம்பெல்லாம் நாக்கு! சுவை மொட்டுகளில் நுண்ணிய புரதங்கள் காத்திருக்கும். இரையிலிருந்து தண்ணீரில் கரைந்த அமினோ அமிலம் அவற்றில் வந்து பொருந்தினால், 'சாப்பாடு' என்று நரம்புக்குச் சேதி போகும். நமக்கு இனிப்பைக் காட்டுகிற புரதத்துக்கு உறவான புரதம், சில மீன்களில் இந்த அமினோ அமிலத்தைத்தான் தேடுகிறதாம். கசப்புக்கு வேறு புரதம். கிட்டே போகலாமா என்பதை மீசை சொல்லும். விழுங்கலாமா என்பதை வாய் சொல்லும்.

அப்படியானால் மீசை சரி என்றதை வாய் ஏன் வேண்டாம் என்கிறது? கெட்டது தண்ணீரா, தீவனமா?

ஐஸ்பெட்டியிலிருந்து ஓர் இறாலை எடுத்து வந்து போட்டேன். தண்ணீர்தான் கெட்டது என்றால் இதையும் துப்ப வேண்டும்.

ஒரு மீன் கவ்வியது. விழுங்கியது. துப்பவில்லை!

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். வசந்தா. பூவும் திருநீறுமாக வந்தவளை மூன்று பேரும் மறித்தோம்.

"கெலிக்குத் தோலெல்லாம் புண்ணு, தீவனத்துல மருந்து போட்டிருக்கேன்னு காலையிலேயே சொன்னேனே! இவரு தலைய ஆட்டினாரு!"

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். ஷாலினி அழுதுகொண்டே சிரித்தாள். மருந்து கசந்திருக்கிறது, மீன் துப்பியிருக்கிறது... அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் இறாலைத் தின்றுவிட்டால் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடுமா? களைக்கொல்லியைக் கண்டுகொள்கிற புரதம் அந்த மீனுக்கே இல்லாமல் இருக்கலாம். மேலே செம்பனைக்கு என்றைக்காவது மருந்து அடிக்கத்தான் போகிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு யார் சொல்வது? "இனிமே ஷாலினிக்குக் குழாய்த் தண்ணிதான்" என்று வசந்தாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு ஈப்போவுக்குத் திரும்பினேன்.

வழியெல்லாம் ஒரே நினைப்பு. தண்ணீரில் விஷமே இருந்திருந்தாலும், என் நாக்குக்குத் தெரியாமல் "அருமைம்மா" என்றுதான் சொல்லியிருப்பேன்.