படகேறும் முன் கொடுத்த பரக்கத்

கலீமா தூஃபியின் பெயர் பிறப்புப் பதிவில் ஹலீமா என்றுதான் இருக்கிறது. கேப் டவுன் நகரத்து மலைச்சரிவில் இருக்கும் போ-காப் பேட்டையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். கலீமா என்று கூப்பிட்டால் ஒரே தெருவில் இரண்டு மூன்று ஜன்னல்கள் திறக்கும். எதிலிருந்து எண்ணெய் வாசனையும் பெரிய குரலும் சேர்ந்து வருகிறதோ, அது இவளுடையது.

சால்ட் ரிவரில் இருந்த ஒரு தையல் ஆலையில் சட்டைக் காலர் தைத்தே பாதி வயதைக் கழித்தவள். காலர் மட்டும்தான், கையும் பையும் வேறு ஆட்கள். ஆலையை மூடியபோது, முழுச் சட்டை தைக்கத் தெரியாத தையல்காரி என்று தன்னைத் தானே கேலி செய்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த மாதமே வேறு வேலை அமைந்தது. வழி தவறி வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி பள்ளிவாசலுக்கு வழி கேட்டார்கள். வழியைச் சொல்லாமல் கூடவே நடந்தாள். மசாலாக் கடை, சாயம் பூசிய வீடுகள், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்கிற விவரம், எல்லாம் சொல்லித் தன் வீட்டில் சோறும் போட்டு அனுப்பினாள். அவர்கள் சிநேகிதர்களை அனுப்பினார்கள். நடைப்பயண வழிகாட்டி என்று ஒரு வேலை இருப்பது அவளுக்கு அதற்குப் பிறகுதான் தெரியும்.

அவள் நடை எப்போதும் பரக்கத்தில்தான் முடியும். விசேஷ வீட்டிலிருந்து கிளம்புகிறவர் கையில் கட்டிக் கொடுக்கிற தின்பண்டப் பொட்டலத்துக்கு அங்கே அந்தப் பெயர். சமோசா, ஏலமும் சோம்பும் போட்டுப் பாகில் முக்கித் தேங்காய்த் துருவல் தூவிய கூசிஸ்டர், ஒரு துண்டு கேக். கல்யாண வீடோ மய்யித்து வீடோ, வெறுங்கையோடு யாரையும் அனுப்பக் கூடாது. அதே போல, பொட்டலம் கைக்கு வந்த பிறகு யாரும் உட்கார்ந்திருக்கவும் கூடாது. வாங்கியாயிற்றா, செருப்பைத் தேட வேண்டியதுதான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. தொட்டில் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

அவள் தெருவின் மேல் முனையில் நின்றால் விரிகுடாவில் ராபன் தீவு தட்டையாகத் தெரியும். விருந்தினர்களுக்கு அதைக் கையால் காட்டி, "அதோ, அந்தத் தீவுலதான் ஜெயில்" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்வாள். ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தார் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டப் படகில் ஏற்றினார்கள். கலீமா தலைமையாசிரியரின் காலணி மேல் வாந்தி எடுத்தாள். அன்றோடு சரி.

"எனக்குக் கடலப் புடிக்கும். கடலுக்குத்தான் என்னப் புடிக்கல" என்பாள்.

தீவு ஸோலிலே மபாண்ட்லாவின் பொறுப்பு. இளம் வயதில் நிறவெறி அரசை எதிர்த்து அந்தச் சிறையில் கைதியாக இருந்தவர். தலைமுடி நரைத்த பிறகு அதே சிறையை வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறவர். காலையில் தீவு, மதியம் போ-காப் என்று இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் காட்டும் யோசனை அவருடையதுதான். படகு திரும்பியதும் விருந்தினர்களைத் துறையில் கலீமாவிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் பிடித்துத் தன் வீடிருக்கும் லாங்காவுக்குப் போய்விடுவார். அவளுடைய வீட்டை அவர் பார்த்ததில்லை. அவருடைய சிறையை அவள் பார்த்ததில்லை. துறையில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் வாராவாரம் ஒரு சண்டை மட்டும் தவறாது.

"என்ன பூட்டா, இன்னைக்கும் எழவு வீட்டு ஆளுங்களாட்டம் கொண்டாந்து விடுறீங்க? பாதிப் பேரு சாப்பிடவே மாட்டேங்குறாங்க."

பூட்டா என்றால் அண்ணன். அவர் பதிலுக்குச் சிசி என்பார். தங்கைக்கு அவர் மொழியில் அதுதான்.

"காலையிலேருந்து தொண்டத் தண்ணி வத்த நான் சொன்னத, சிசி, நீ ஒரு சமோசாவக் குடுத்து மறக்கடிச்சிடுற."

"மேல வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க, தெரியும்."

"அந்த மேட்டுல ஏறுனா எறங்கணுமே. என் முட்டி ஒத்துக்காது."

அந்த அக்டோபரில் ஹெஸ்டர் டிப்பநார் என்கிற பெண்மணி வந்து சேர்ந்தாள். பயண நிறுவனம் ஒன்றின் ஆள். கெட்டவள் இல்லை, கறாரானவள். அங்கே ஆண்டுக் கடைசியில் வரும் கோடைக்காலம் முழுக்க அவர்கள் அனுப்பும் ஆட்கள்தான் இருவருக்கும் ஆண்டுப் பிழைப்பு.

"இது ஒரே பயணம்னு விக்கிறோம். வந்தவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? ரெண்டு பயணத்த நடுவுல ஒட்டுப் போட்ட மாதிரி இருக்காம். காலையில ஒருத்தர், மதியம் ஒருத்தர், நடுவுல ஒரு வேன். இன்னொரு கம்பெனி ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரே ஆள அனுப்புறேங்குறாங்க" என்றாள். "யாராவது ஒருத்தர் முழுக்கக் கூட இருக்கணும், மிசஸ் தூஃபி. செவ்வாய்க்கெழம நானே வந்து பாக்குறேன். பாத்துட்டுத்தான் முடிவு."

ஸோலிலேயின் முட்டி மேடேறாது என்றால், கலீமாதான் படகேற வேண்டும்.

செவ்வாய் விடியலில் அவள் பரக்கத் பொட்டலங்களைக் கட்டி முடித்தாள். மதியம் திரும்பியதும் கட்ட நேரம் இருக்காது. வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்றால் கணவன் தோயர் இருக்கிறான்.

"என்ன நம்பி வெச்சிட்டுப் போயேன்" என்றான் தோயர்.

"பூனைய நம்பி வைப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கையோடு எடுத்துக்கொண்டாள்.

துறையில் தென்கிழக்குக் காற்று பாவாடையைப் பிடுங்கியது. விருந்தினர்களை விடுதியிலிருந்து வேனில் கொண்டு வந்த ஷாமியல் அவளுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கிறவன்; அவளை அக்கா முறை வைத்து டீட்டி என்று கூப்பிடுவான். திரும்பும் வரை காத்திருந்து எல்லோரையும் மேலே ஏற்றிப் போவது அவன் வேலை. படகு அலையில் ஏறி இறங்குவதைப் பார்க்கக் கலீமாவுக்குப் பிடிக்கவில்லை. கண்ணைத் திருப்பிக்கொள்ளக் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். கூடையைத் திறந்தாள். ஹெஸ்டருக்கு ஒன்று, போலந்திலிருந்து வந்த அக்காள் தங்கைக்கு ஆளுக்கு ஒன்று, கனடாக் குடும்பத்துக்கு, படகில் கயிறு பிடிக்கிறவனுக்கு, கடைசியில் ஷாமியலுக்கும் ஒன்று. ஷாமியல் கொஞ்சம் குழம்பிப் பார்த்தான்.

"திரமகாசி, டீட்டி" என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான்.

படகில் அவள் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஹெஸ்டர் பக்கத்தில் வந்தாள்.

"மேடம், உங்க ஷூ வெள்ளையா இருக்கு. கொஞ்சம் தள்ளி நின்னுக்கங்க" என்றாள் கலீமா.

கலீமா அன்று வாந்தி எடுத்தாள் என்றே தெருவில் இன்றும் சொல்கிறார்கள். தவறு. எடுத்தவள் ஹெஸ்டர். பாதிக் கடலில் அவள் முகம் பச்சையாகி, வெள்ளைக் காலணி பாழானது. கலீமா அவள் நெற்றியைப் பிடித்து, முதுகைத் தடவி, கூடையின் அடியிலிருந்து இஞ்சி மொரப்பாவை எடுத்து வாயில் திணித்தாள்.

"சப்புங்க, கடிக்காதீங்க. தண்ணியப் பாக்காதீங்க, மலையப் பாருங்க. என்ன வெக்கம்? நான் ஹெட்மாஸ்டர் மேலயே எடுத்தவ."

படகு தீவில் முட்டி நின்றபோதுதான், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவளுக்கே உறைத்தது.

சிறைக்குள் வேறு ஸோலிலேயை அவள் பார்த்தாள். துறையில் வாயாடுகிறவர் இங்கே ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்தார். இது நாங்கள் வரிசையாகப் படுத்த அறை. இங்கே பாய். இங்கே வாளி. வீட்டிலிருந்து வந்த கடிதத்தில் பாதி வரிகளை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் கொடுப்பார்கள். விருந்தினர்கள் ஏன் சாப்பிட மனமில்லாமல் வந்தார்கள் என்று கலீமாவுக்குப் புரிந்தது. கூடவே பயமும் வந்தது. இதற்குப் பிறகு நான் என்ன பேச? கூசிஸ்டரைப் பற்றியா? ஒட்டுப் போட்ட மாதிரி என்று ஹெஸ்டர் சொன்னது சரிதான். காலரையும் சட்டையையும் சேர்க்கிற இடம் அவளுக்கு எப்போதும் வேறு ஆள் செய்த வேலை.

திரும்பும் படகுக்காகத் தீவின் துறையில் நின்றார்கள். காற்று நகரத்திலிருந்து இந்தப் பக்கம் வீசியது. அந்தக் காற்றில் தூரத்திலிருந்து ஒரு சத்தம் மிதந்து வந்தது. டும்.

"அல்ஹம்துலில்லா, சோத்த எறக்கு!" என்றாள் கலீமா.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சிக்னல் குன்றில் மணி பன்னிரண்டு என்று காட்ட நடுப்பகல் பீரங்கி சுடுவார்கள். அவள் பிறந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் அவள் தெருவில் யாராவது ஒருத்தி அடுப்படியிலிருந்து இதைக் கத்துவாள். ஆனால் இது சிறைத் தீவு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹெஸ்டரின் புருவம் நெரிந்தது. கலீமா முந்தானைக்குள் ஒளிகிறவளைப் போலத் தலைத்துணியை முகத்தில் இழுத்துக்கொண்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று.

ஸோலிலே அவளையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"சிசி, அது உங்க தெரு ஆளுங்கதானா?"

"எது?"

"காத்து இந்தப் பக்கம் அடிக்கிற நாள்ல அந்தச் சத்தம் எங்களுக்கும் கேக்கும். எங்க ரூம்ல ஒரு போ-காப் பையன் இருந்தான். ஒவ்வொரு தடவையும் இதே வார்த்தையக் கத்துவான், இதே ராகத்துல! நாங்க கையில மக்காச்சோளக் கூழ வெச்சிக்கிட்டு உக்காந்திருப்போம். அவன் எங்கம்மா இப்போ கறி எறக்குறாங்க, இப்போ ரொட்டி போடுறாங்கன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுவான். அவன அடிக்கப் போனவங்க உண்டு. அப்புறம் சொல்லாத நாள்ல, ஏண்டா இன்னைக்குச் சொல்லலன்னு அடிக்கப் போனவங்களும் உண்டு."

போலந்து அக்காள் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"இத இதுக்கு முன்னால யாருக்குமே நீங்க சொன்னதில்லையா?" என்றாள் ஹெஸ்டர்.

"யாரும் இந்த எடத்துல சோறுன்னு கத்தினதில்லையே, மேடம்."

படகில் கேள்வி கேள்வியாக வந்தது. அந்தப் பையன் வீடு எது, அவன் அம்மா என்ன சமைப்பாள், அந்தப் பீரங்கி எங்கே இருக்கிறது. கேள்வி ஸோலிலேயிடம் தொடங்கும், பதில் கலீமாவிடம் முடியும். எல்லோரும் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றார்கள்.

நகரத்துத் துறையில் இறங்கினால் வேனைக் காணோம். கலீமா போன் போட்டாள்.

"ஷாமியல்! எங்கடா இருக்க?"

"வீட்டுல, டீட்டி. படுத்திருக்கேன்."

"படுத்திருக்கியா! யாரு உன்னப் போகச் சொன்னது?"

"நீதான பரக்கத் குடுத்த? குடுத்தா கெளம்புன்னுதான அர்த்தம்? இன்னும் முடியலையேன்னு நெனச்சேன். சரி, டீட்டி சொன்னா ஏதாவது இருக்கும்னு வந்துட்டேன். கூசிஸ்டர் நல்லா இருந்துச்சு."

அவன் சொன்னதை அவள் மற்றவர்களுக்கும் விளக்கினாள். தப்பு அவனுடையது இல்லை.

"இது நல்லா இல்ல, மிசஸ் தூஃபி" என்றாள் ஹெஸ்டர், கறைபட்ட காலணியைப் பார்த்தபடி. "இப்ப இவங்க எப்படி வருவாங்க?"

கலீமா மலைச்சரிவைப் பார்த்தாள். "நடந்து. நடைப்பயணம்னுதான வித்திருக்கீங்க?"

அவள் நடக்கத் தொடங்கினாள். கனடாக் குடும்பத்தார் பின்னால் போனார்கள். ரயிலுக்குத் திரும்ப வேண்டிய ஸோலிலே நின்று யோசித்தார். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு அவரும் வந்தார்.

"முட்டி?" என்றாள் கலீமா.

"அந்தப் பையன் கத்தினதயெல்லாம் ஒரு தடவ சாப்பிட்டுப் பாத்துடலாம்னுதான். முட்டி கெடக்கட்டும்."

கைகளில் விலங்கோடு தன்னைப் படகேற்றிய இடத்தை அவர் போகிற போக்கில் காட்டினார். அதற்கு மேல் ஒரு திருப்பம் தள்ளி, தன்னைத் தோயர் முதன்முதலில் பின்தொடர்ந்த இடத்தை அவள் காட்டினாள். வேனில் ஆளுக்கு ஒரு போனைப் பார்த்துக்கொண்டு போகிற தூரம் அது. அன்று ஒருவரும் போனை எடுக்கவில்லை. மேட்டில் ஸோலிலே அடிக்கடி நின்றார். அவர் நின்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் நாற்காலி போட்டார்கள்.

கலீமாவின் வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து குன்றைப் பார்த்தார்.

"பீரங்கி உங்க தலைக்கு மேலயா இருக்கு?"

"ஆமா. ஜன்னலெல்லாம் அதிரும்."

"அப்ப எங்களப் பட்டினி வெச்சு வதைச்சது கவர்மெண்ட் மட்டும் இல்ல."

அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். ஹெஸ்டர், தோயரின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு மூன்றாவது ரொட்டியில் இருந்தாள்.

"இனிமே வேன் வேண்டாம்" என்றாள் மென்றபடியே. "இப்படியே நடந்து வாங்க. நடக்க முடியாதவங்களுக்கு மட்டும் ஷாமியல். கோடை முழுக்க உங்களுக்குத்தான்." பிறகு ஸோலிலேயைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும்தான். வாரத்துல ஒரு நாளாவது நீங்களும் மேல வரணும்."

"முட்டியக் கேட்டுச் சொல்றேன்" என்றார் அவர்.

கிளம்பும் நேரம் வந்தது. கூடை காலி. வெறுங்கையோடு அனுப்புவதா? கலீமா ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்து ஒரே ஒரு சொல் கத்தினாள்: "கனாலா!" தயவு செய்து என்று அதற்குப் பொருள், அந்தத் தெருவில் அதைக் கேட்டால் ஏன் என்று கேட்காமல் உதவிக்கு வருவார்கள். கீழ் வீட்டிலிருந்து பாதி கேக் வந்தது. எதிர் வீட்டிலிருந்து காலையில் சுட்ட சமோசா வந்தது. ஷாமியல் தூங்கி எழுந்த முகத்தோடு ஒரு பாத்திரம் பிஸ்கட் கொண்டுவந்தான்.

ஒவ்வொருவராகப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார்கள். ஹெஸ்டர் வாங்கியதும் தானாகவே காலணியைத் தேடினாள். அதற்குள் அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

கடைசிப் பொட்டலத்தைக் கலீமா ஸோலிலேயிடம் நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம், சிசி. வாங்கினா கெளம்பணுமாமே" என்றார். "இன்னொரு கப் டீ இருக்கா?"