நெருப்புக்குப் போன நேர்ச்சை முடி

"இன்னைக்கே பூட்டணும் சார். நீங்க பூட்டுதீயளா, நாங்க பூட்டவா?"

எங்கள் இல்லத்துக் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டு ஒருவர் இன்ஸ்பெக்டரிடம் கத்தினார். அவருக்குப் பின்னால் தெரு கொள்ளாத கூட்டம். உள்ளே வராந்தாவில் எங்கள் நோயாளிகள் கஞ்சித் தட்டோடு பயந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூட்டிவிட்டால் இவர்களை எங்கே கொண்டுபோவேன்? அந்த ஒரே எண்ணம்தான் எனக்கு. வாயில் செபம்கூட வரவில்லை.

பிரியமானவர்களே, போன கார்த்திகையில் எனக்கு நடந்ததைச் சொல்லுகிறேன். நான் ராயகிரிக்காரன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். ஏழைகளுக்கு ஊழியம் செய்கிற சகோதரர் சபையில் துறவற வார்த்தைப்பாடு கொடுத்து, தென்காசி ஓரம் குத்துக்கல்வலசையில் இருக்கிறேன். தெருவில் விழுந்து கிடப்பவர்களைத் தூக்கி வந்து பார்ப்பதுதான் எங்கள் வேலை. காலையில் செபம், பூசை. அதன்பின் பொழுது முழுக்கப் புண் கழுவுவது, மலம் அள்ளுவது, கஞ்சி ஊட்டுவது. முடி வெட்டுவது என் பொறுப்பு.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருகிறவரிடம் பேர், ஊர் எதுவும் முதலில் கேட்க மாட்டோம். முடியை மழித்து, குளிப்பாட்டி, துணி மாற்றி, சாப்பாடு கொடுத்த பிறகுதான் கேட்போம். அழுக்கோடு நிற்கிறவனை விசாரித்தால் கூனிக் குறுகிப் போவான் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்தது. பேன் பரவக் கூடாதென்று பழைய துணியையும் முடியையும் பின்பக்கக் குழியில் போட்டு எரித்துவிடுவோம்.

அப்போது குற்றாலம் முழுக்க மாலை போட்ட சாமிமார் கூட்டம். ஒரு சிப்ஸ் கடைக்காரர், கடைக்குப் பின்னால் ஒருவர் கிடக்கிறார் என்று போன் செய்தார். வேனை எடுத்துக்கொண்டு போனோம். சடை விழுந்த தலை, மார்பு வரை தாடி, சேறு படிந்து கிழிந்த வேட்டி, நெற்றியில் காயம். உடம்பு அனலாகக் கொதித்தது. முனகலைத் தவிர பேச்சில்லை. வழியில் டாக்டரிடம் காட்டி ஊசி போட்டு இல்லத்துக்குக் கொண்டுவந்தோம். நான் வழக்கம்போலத் தலையையும் தாடியையும் வழித்தேன். முடியைச் சாக்கில் கட்டிக் குழியில் போட்டு, மேலே துணியைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். தூறல் விழவும் உள்ளே ஓடி வந்துவிட்டேன். தலைமைச் சகோதரர் பிரதர் ஞானப்பிரகாசம், இவரைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மொட்டைத் தலைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

யாரோ அந்தப் படத்தில் 'மதம் மாற்ற மொட்டை' என்று எழுதிப் பரப்பிவிட்டார்கள். மறுநாள் காலை கூட்டம் வந்துவிட்டது.

கூட்டத்தோடு, நாங்கள் தூக்கி வந்தவரின் மனைவி பேச்சியம்மாளும் வந்திருந்தார். அவர் அழுதுகொண்டே சொல்லித்தான் எங்களுக்கு விஷயமே தெரியும். கிடந்தவர் சுந்தரபாண்டியபுரத்து விவசாயி கருப்பசாமி. மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. பிள்ளை பிறந்தால், அதற்கு முதல் முடி எடுக்கிற அன்றே தன் முடியையும் குலதெய்வம் சாஸ்தாவுக்கு இறக்குவதாக நேர்ந்து, கத்தி படாமல் வளர்த்திருக்கிறார். பேரனும் பிறந்து, தையில் நாள் குறித்தாயிற்று. அருவிக்குக் குளிக்க வந்தவர் எங்கோ வழுக்கி விழுந்திருக்கிறார்.

நான் சின்னதில் காய்ச்சலில் கிடந்தபோது எங்கம்மாவும் மாதா கோயிலுக்கு என் முடியை நேர்ந்தவள்தான். நேர்ச்சை முடி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

"ஏலே, யாரக் கேட்டுலே கத்திய வச்செ?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

"பேரக் கேக்க வாயில்ல, வழிக்கதுக்குக் கை மட்டும் இருக்கோ?"

ஒரு கல் வந்து ஜன்னலில் விழுந்தது. சத்தம் கேட்டுக் கருப்பசாமி அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். காய்ச்சல் தணிந்து நினைவு திரும்பியிருந்தது. என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"எம் பேரனுக்கு நான் என்னத்தலே சொல்லுவேன்?"

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றார் பிரதர் ஞானப்பிரகாசம்.

"ஒம்ம மன்னிப்ப அடுப்புல போடும்."

பேச்சியம்மாள் கேட் கம்பிக்குள் கையை நீட்டினார். "அந்த முடியையாவது குடுங்கய்யா. சாஸ்தா காலடில வச்சு அழுதுக்கிடுதோம்."

"எரிச்சிட்டேன் சார்" என்று இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொன்னேன். கூட்டம் ஹோவென்று இரைந்தது. கேட்டை ஆட்டியவர் பூட்டையே எடுத்துவிட்டார். "போய்ப் பாத்துட்டு வாரும்" என்று இன்ஸ்பெக்டர் ஒரு போலீஸ்காரரையும் கூட அனுப்பினார்.

குழிக்கு நடக்கும்போதுதான் எனக்குச் செபம் வந்தது. "மாதாவே, அந்தப் பொம்பளைக்கு ஒரு பிடி முடி குடும்மா. இந்த வீட்டப் பூட்ட விடாதம்மா." அவ்வளவுதான். செபமாலை சொல்லக்கூட நேரமில்லை.

தூறல் பெருமழையாகிக் கொட்டியதில் குழி நிறையத் தண்ணீர். துணிகள் பாதி கருகி மிதந்தன. இல்லத்துத் துணி காயவில்லையே என்று முந்தின நாள் அந்த மழையைத் திட்டித் தீர்த்தவன் நான். தோள் வரை கையை விட்டுத் துழாவினேன். சாக்கு தட்டுப்பட்டது. கட்டு அவிழவில்லை. ஓரம் மட்டும் தீய்ந்திருந்தது. உள்ளே முடி அப்படியே, நனைந்து கனத்துக் கிடந்தது. சேற்றிலேயே முழங்கால் போட்டு அழுதேன்.

"யோவ், பெறகு அழும். மொதல்ல தூக்கும்" என்றார் போலீஸ்காரர்.

பேச்சியம்மாள் அதை முந்தானையில் வாங்கிக்கொண்டார். அண்ணாச்சி ஈர முடியைத் தடவியபடியே நின்றார்.

"முடி கெடச்சிட்டா சரியாப் போச்சா? பூட்டச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் பூட்டு வைத்திருந்தவர்.

"எம் முடிக்கு நான் பேசிக்கிடுவேன். இங்கன பூட்டிட்டா, உள்ள கெடக்கவன நீ ஒன் வீட்டுல வச்சுக் கழுவி விடுவியால?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஒன்னய மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. மன்னிக்க மாட்டேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். புகார் இல்லை என்றதும் இன்ஸ்பெக்டர் கூட்டத்தைக் கலைத்தார். இல்லம் பூட்டப்படவில்லை.

அதோடு எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பால்காரர் பால் ஊற்றுவதை நிறுத்தினார். சுவரில் கெட்ட வார்த்தை எழுதினார்கள். சலூனில் எனக்கு முடி வெட்ட மாட்டோம் என்றார்கள். இப்போது வருகிறவரிடம் முதலில் பேரைக் கேட்கிறோம். பேச முடியாதவருக்கு வீட்டார் வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுகிறேன்.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே கருப்பசாமி அண்ணாச்சி. அவர் மடியில் தலை சாய்ந்து, காலெல்லாம் புண்ணோடு ஒரு மனிதர். பழைய குற்றால அருவிப் பக்கம் கிடந்தாராம். நான் கும்பிட்டேன்.

"எம் மூஞ்சிய என்னத்தலே பாக்கே? அவன் காலப் பிடி" என்றார்.

பிடித்தேன். இருவரும் சேர்ந்து உள்ளே தூக்கிப் போனோம். இறக்கிவிட்டதும் அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

ஆண்டவருக்கும் மாதாவுக்கும் கோடி நன்றி. நான் இன்னும் பயந்தவன்தான். கேட் பக்கம் சத்தம் கேட்டால் பூட்டோடு வந்துவிட்டார்களோ என்று இன்றும் எட்டிப் பார்க்கிறேன். ஆனால் முன்பெல்லாம் பயம் அடங்கட்டும், பிறகு செபிக்கலாம் என்றிருப்பேன். இப்போது நடுங்கிக்கொண்டே கேட்கிறேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். ஆண்டவர் செவிகொடுத்துக் கேட்கிறார்.