ஒரே தடவை கொடுத்த விலை

மகள் மயங்கி விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரோடு விழுந்தாள். டம்ளர் உருண்டு போய்க் கதவில் முட்டி நின்றது. இப்போதும் வகுப்பில் யாராவது டிபன் பாக்ஸைத் தவறவிட்டால் கரும்பலகையில் என் கை நின்றுவிடுகிறது.

பயப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். தூக்கமில்லை, நேரத்துக்குச் சாப்பாடில்லை, ரத்தம் குறைவு. குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அவள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கடைகளின் இணையதளத்தோடு சேர்த்துக்கொள்ளும் பிளக்-இன் என்கிற சின்ன மென்பொருள் ஒன்றை எழுதி விற்கிறாள். வாடிக்கையாளர் பொருளைத் தேர்ந்தெடுத்ததும், அவர் ஊருக்கு எவ்வளவு கூரியர் செலவு என்று கணக்கிட்டு ஆர்டரை எடுத்துக்கொள்ளும். சின்னாளபட்டி ஜவுளிக்காரர்கள், ஆயக்குடியிலிருந்து கொய்யா அனுப்புகிறவர்கள் என்று நிறையப் பேர் வாங்கினார்கள். ஒரே தடவை கொடுக்கும் விலை. நம் பக்கம் வேறு எப்படியும் விற்க முடியாது என்று அவள் நினைத்தாள், நானும்தான். சரக்குப் பெட்டியில் கடை நம்பர் அச்சடிப்பது போலத் தன் செல் நம்பரையும் அதில் போட்டுவைத்தாள். அதுதான் வினையாயிற்று. இணையதளங்களைத் தாங்கும் மூல மென்பொருள் அடிக்கடி மாறும். மாறும்போதெல்லாம் இவளுடையதில் ஏதாவது பிசகும். உடனே எல்லாக் கடைகளிலிருந்தும் போன். ஞாயிறு பூசையில் முழந்தாளில் இருந்தாலும் போன். அவர்களையும் குறை சொல்ல முடியாது. மிக்ஸி வாங்கிய கடைக்கு நானே பல வருடம் கழித்து ஜாரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் சின்னாளபட்டி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பழப் பையோடு வந்தார்.

"பாப்பா எப்படி இருக்கு டீச்சர்? கேட்டதுலருந்து மனசே ஆறல."

"தூங்குறா."

"தூங்கட்டும், தூங்கட்டும்." பையை மேசையில் வைத்தார். பிறகு செல்லை என் பக்கம் நீட்டினார். "மெட்ராஸ்னு போட்டா கூரியர் காசு சைபர்னு காட்டுது. நேத்துலருந்து அம்புட்டுச் சேலையும் ஓசியில போகுது. முழிச்சா செத்த நேரம் பாக்கச் சொல்லுங்க."

பழப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று வந்தது எனக்கு. அதற்குள் மகளே எழுந்து வந்துவிட்டாள். ஊசி குத்திய கையில் பிளாஸ்திரி.

"இத இன்னைக்குச் சரி பண்ணித் தாரேண்ணே. ஆனா இனிமே வருஷச் சந்தா. கட்டுறவங்களுக்குத்தான் அப்டேட்டு. கட்டாதவங்க இப்ப இருக்கிற மாதிரியே வச்சுக்கலாம்."

"இதென்ன பாப்பா, வாங்குன சேலைக்கு வருஷா வருஷம் வாடகை கேக்குற மாதிரி இருக்கு."

"சேலை கிழிஞ்சா உங்ககிட்ட வந்து தச்சுத் தரச் சொல்றாங்களா?"

"சொல்றாங்கம்மா. ஒரு நாள் கடையில வந்து உக்காந்து பாரு."

மூன்று பேருமே சிரித்துவிட்டோம். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"சந்தா கிந்தான்னா என் தம்பி ஒத்துக்கிற மாட்டான். நான் ஒண்ணு சொல்றேன். தீபாவளிக்குத் தீபாவளி கடைப் பிள்ளைகளுக்குப் போனஸ் போடுறோம்ல, அதுல உன்னையும் சேத்துக்கிறேன். நீ கேக்குறதவிடக் கூடவே தாரேன். ஒரு சேலையும் உண்டு."

எனக்கு மனம் இளகிவிட்டது. சரியென்று சொல் என்பதுபோல மகளைப் பார்த்தேன்.

"வேணாம்ணே," என்றாள். "போனஸ் வாங்குனா நான் உங்க கடைப் பிள்ளை. எப்பக் கூப்பிட்டாலும் வரணும். சந்தா கட்டுனா நீங்க எனக்கு வாடிக்கை. காலைல பத்துலருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான் போன். ஞாயித்துக்கிழமை கிடையாது."

"ஏழு மணிக்கு நின்னுபோச்சுன்னா?"

"மறுநாள் பத்து மணிக்குப் பாப்பேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "வாத்தியார் வீட்டுப் பிள்ளைன்னு காட்டுது பாருங்க டீச்சர். மணி அடிச்சா பையத் தூக்கிரணும்."

அன்று அதைச் சரிசெய்து கொடுத்தாள். பிறகு எல்லாருக்கும் சந்தா பற்றிச் செய்தி அனுப்பினாள். சிலர் கட்டினார்கள். ஆயக்குடிக்காரர் ஒருவர், "ஏனுங்க, இது நியாயமுங்களா" என்று மட்டும் பதில் போட்டார். பலரிடமிருந்து பதிலே இல்லை. இத்தனை பேரும் போய்விட்டால் இவள் என்ன செய்வாள் என்ற பயம் எனக்குப் புதிதாக வந்து சேர்ந்தது. வங்கித் தேர்வு எழுதச் சொல்லலாமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது செல் அடித்தது. சின்னாளபட்டிக்காரர்தான். அவர் இன்னும் சந்தா கட்டவில்லை. மகள் பெயரைப் பார்த்தாள். செல்லைக் கவிழ்த்து வைத்தாள். அது மேசையில் அதிர்ந்து அதிர்ந்து என் தட்டுப் பக்கம் நகர்ந்து வந்தது. என்னை அறியாமல் என் கை அதன்மேல் போயிற்று.

"விடும்மா. வெஞ்சனம் வை," என்றாள்.

காலையில் அவர் மறுபடி கூப்பிடுவாரா, வேறு ஆளைத் தேடிப் போய்விடுவாரா, தெரியாது. கையை எடுத்து, பீன்ஸ் பொரியலை அள்ளி அவள் தட்டில் வைத்தேன். செல் ஓய்ந்தது. அவள் இன்னொரு கரண்டி கேட்டாள்.